ஆர்கன் நிக்குற வரைக்கும்

உக்காரு பிள்ள, உக்காரு. நான் தள்ளிக்கிடுதேன். சன்னல் ஓரம் நீயே எடுத்துக்கோ, எனக்குக் காத்து காதுல அடிச்சா ஒரு வாரத்துக்கு இரைஞ்சுக்கிட்டே இருக்கும். மதுரைக்கா? நாங்களும் மதுரைக்குத்தான். நாங்கன்னா நானும் இவியளும். அதோ, டிரைவருக்குப் பின்னால, நீலச் சட்டை போட்டுக்கிட்டு தலையை ஆட்டாம நெட்டுக்குத்தா உக்காந்திருக்காவ பாரு, அவியதான் எங்க வீட்டுக்காரர். ஆறுதல்புரம் ஞானசிகாமணி சார்னா எங்க பக்கத்துல தெரியாதவுக கிடையாது. சேந்து உக்கார இடம் கிடைக்கல. கிடைச்சாலும் ஒண்ணுதான். பேசவா போறாவ.

நாளைக்கு மதுரையில ஒரு கோயில்ல பண்டிகை. கோயில்னா சர்ச்சு, நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். அங்க இவிய ஆர்கன் வாசிக்கணும். பெட்டி ஆர்கன் இல்ல பிள்ள, பைப் ஆர்கன். சுவரு உயரத்துக்குக் குழல் குழலா நிக்கும். கைக்கு மூணு வரிசைக் கட்டை, காலுக்கு ஒரு வரிசை. ரெண்டு கையும் ரெண்டு காலும் சேந்து வேலை செய்யணும், தறி நெய்யுதவன் மாதிரி. எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கு. இவிய கல்யாணத்துக்கு முந்தியே இருந்து அதுல வாசிக்காவ.

நான் என்ன செய்வேன்னு கேளு. தாள் திருப்புவேன். சிரிக்காத. அவியளுக்குக் கையும் காலும் ஒழியாதுல்லா, அப்ப புஸ்தகத்துல தாள் யாரு திருப்புத? கல்யாணம் ஆகி வந்த முதப் பண்டிகைக்கே "மேல வா"ன்னு கூட்டிட்டுப் போயி பக்கத்துல நிப்பாட்டினாவ. அன்னைக்கு நின்னவதான். எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. கொசு செத்துக் கிடக்குத மாதிரி இருக்கும். அவிய நாடியை, மோவாயைத்தான், இப்படி ஒரு தடவை கீழ இறக்குவாவ, நான் திருப்பணும். முந்தியும் திருப்பப்படாது, பிந்தியும் திருப்பப்படாது. இருமப்படாது. சேலை அவிய கையில உரசப்படாது. சுவருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்குத இடம்தான் இருக்கும், யோனா மீன் வயித்துல இருந்த மாதிரி. போதாக்குறைக்கு வவ்வா நாத்தம். மாடிப்படிக்குக் கீழ ஒரு கதவு. சின்னப் பிள்ளைய ஏறிரப்படாதுன்னு கோயில் வேலை பாக்குத கோயில்குட்டி அதைச் சாத்தி வெளியே கொண்டி போட்டுருவான். ஆராதனை முடிஞ்சு அவன் திறந்து விட்டாத்தான் நாங்க இறங்க முடியும். ஊரெல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு கீழ ஜம்முனு உக்காந்திருக்கும், நான் மட்டும் மேல வேர்த்து ஒழுகிக்கிட்டு நிப்பேன். என் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு பண்டிகை அன்னைக்கு வந்தது. போகலியே.

எதுக்குச் சொல்லுதேன்னா, எங்க ஊர்க் கோயில் பண்டிகைக்குன்னு ஒரு உருப்படி உண்டு. ஜெர்மன்காரன் ஒருத்தன் எழுதினது. ரொம்பப் பழங்காலத்து ஆளும் இல்ல, நம்ம காலத்து ஆளும் இல்ல, நூறு நூத்திருவது வருசம் இருக்கும். அந்தக் காலத்துக்காரன் எல்லாம் மனசுல உள்ளதை அப்படியே கொட்டிருவான்னு இவிய சொல்லுவாவ. முதப் பாதிக்குப் பேரு பிரிலூடு. அது ஒரே இடி முழக்கம், நிக்குத பலகை காலுக்குக் கீழ நடுங்கும். பின்பாதிக்குப் பேரு ப்யூக். அது எப்படின்னா, முதல்ல காலு மட்டும் ஒரு பேச்சைச் சொல்லும். அதே பேச்சை இடது கை எடுத்துக்கிடும். பிறகு வலது கை. ஒருத்தர் முடிக்க முந்தி அடுத்தவர் ஆரம்பிச்சிருவாவ. எங்க மைனி வீட்டுல பஞ்சாயத்து நடந்தா அப்படித்தான் இருக்கும், நாலு பேரும் ஒரே பேச்சையே பேசுவாவ, ஒருத்தரும் விட மாட்டாவ.

அந்த ஆர்கனைக் கொண்டு வந்த மிஷனரி துரை ஒரு வழக்கத்தை வச்சிட்டுப் போயிட்டாரு. பிரதிஷ்டைப் பண்டிகை, அதான் கோயில் கட்டித் திறந்த நாளு, அன்னைக்கு ஆசீர்வாதம் சொல்லி முடிச்ச பிறகு இதை முழுசும் வாசிக்கணும். ஆர்கன் நிக்குற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்படாது. வாசல்ல அசனத்துக்கு, ஊர் கூடிச் சாப்பிடுத விருந்துக்கு, கிடா வெட்டிக் குழம்பு கொதிக்கும். அந்த வாசம் சன்னல் வழியா உள்ள வரும். கைப்பிள்ளைய வீறிட்டு அழும். கிழடு கட்டைய எல்லாம் ஒண்ணுக்குப் போக முடியாம நெளியும். ஆனா எந்திரிக்க மாட்டாவ. பேராயரே ஆசனத்துல உக்காந்திருக்கும்போது யாரு எந்திரிப்பா? இவிய அதுல ஒரு நோட்டு குறைக்க மாட்டாவ. "கொஞ்சம் சுருக்கி வாசிச்சா என்ன?"ன்னு ஒரு வாட்டி கேட்டேன். "வேதத்துல நாலு அதிகாரத்தைக் கிழிச்சிட்டு வாசிப்பியா?"ன்னு கேட்டாவ.

எங்களுக்கு ஒரே மக. ஹெப்சிபா.

பேரைச் சொல்லி எவ்வளவு நாளாச்சு. ஹெப்சி, ஹெப்சின்னு ஒரு நாளைக்கு நூறு வாட்டி கூப்பிடுவேன். பி.எஸ்ஸி. முடிச்சிட்டு வீட்டுல இருந்தா. கொயர்ல பாடுவா. இவிய மாதிரியே கழுத்தை நிமித்திக்கிட்டு உக்காருவா. அந்த வருசம் ஆர்கனுக்குக் காத்து அடிக்குத மோட்டார் எரிஞ்சு போச்சு. கோவில்பட்டியில இருந்து ஒரு பையன் காயில் கட்ட வந்தான். கொம்பையான்னு பேரு. நல்ல வேலைக்காரன், வாயாடி இல்ல. கோயில்ல தங்கிதான் வேலை பாத்தான், எங்க வீட்டுல இருந்துதான் சாப்பாடு போச்சு. யாரு கொண்டு போனா? இவதான். மோட்டார் சரியாயிட்டு, இவ சரியில்லாம போயிட்டா.

எனக்கு முந்தி மைனிக்குத் தெரிஞ்சிட்டு. மைனின்னா இவியளுக்கு மூத்த அக்கா, லில்லி மைனி. இவியளுக்கு அம்மா சின்னதுலயே இறந்துட்டாவ. மைனிதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தன் கம்மலை வித்துப் படிக்க வச்சு ஆளாக்கினாவ. அதனால மைனி சொல்லுததுக்கு மறு சொல்லு கிடையாது. அவிய வந்து உக்காந்து சொல்லிட்டாவ, "ஹெப்சியை வில்பிரட்டுக்குக் கட்டிரலாம்." வில்பிரட் அவிய மகன். ஏற்கனவே ஒருத்தியைக் கட்டி, அவ கை ஒடிஞ்சு அவ அப்பன் வீட்டுக்குப் போயி, பிறகு பிரிவும் ஆயி, அதெல்லாம் ஊருக்கே தெரியும். "ஆம்பிளைன்னா ஒரு கோவம் இருக்கத்தானே செய்யும்"னாவ மைனி. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? மூக்குக் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சிக்கிட்டே, "அக்கா பாத்துச் செஞ்சா சரி"ன்னாவ. அவ்வளவுதான்.

பிள்ள அவிய கால்ல விழுந்தா. அவிய கண்ணாடியைத் துடைச்சாவ. என்கிட்ட வந்தா, சமையக்கட்டுல என் முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு அழுதா. நான் என்ன சொல்ல? "அப்பா சொல்லுததைக் கேளு"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு. நான் மைனி முன்னால நாற்காலியில உக்காந்தவ இல்ல. அந்த வீட்டுல எனக்குப் பேச்சு கிடையாது. அதனால அவ என்ன கேட்டாலும் நான், "அப்பா சொல்லுததைக் கேளு, அத்தை சொல்லுததைக் கேளு"ன்னுதான் சொன்னேன். இவிய காது படவும் சொன்னேன்.

மைனி பெட்டியோட வந்து எங்க வீட்டுலயே தங்கிட்டாவ. போனைப் பிடுங்கி வச்சாச்சு. ராத்திரி அவ பக்கத்துலயே பாய் விரிச்சுப் படுப்பாவ. குளிக்கப் போனாக் கூட வெளியே நிப்பாவ. எங்கள்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கவும்னு ஐயர், அதான் எங்க போதகர், வாசிப்பாரு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஓலை பண்டிகை அன்னைக்கு. வியாழக்கிழமை கல்யாணம்.

அன்னைக்கு ஐயர் ஓலை வாசிச்சதும் நான் மேல நின்னு கண்ணாடியில அவளைப் பாத்தேன். ஆர்கனுக்கு மேல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். வாசிக்குதவுக பலிபீடத்துக்கு முதுகு காட்டில்லா உக்காருவாவ, ஐயர் எப்ப எந்திரிக்காரு, எப்ப உக்காருதாருன்னு அதுல பாத்துக்கிடணும். அதுல கோயில் முழுசும் தெரியும். பேராயர், பேராயர் அம்மா, அவிய பக்கத்துல பெண்கள் சங்கத்துத் தலைவின்னு எங்க மைனி, தள்ளி கொயர் பலகையில இவ. தடை உண்டான்னு கேட்டப்ப இவ மேல பாத்தா, ஆர்கனைப் பாத்தா. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போயிட்டாரு.

ஆசீர்வாதம் ஆச்சு. இவிய பிரிலூடை ஆரம்பிச்சாவ. ரெண்டு தாள் திருப்பியிருப்பேன். கண்ணாடியில பாக்குதேன், இவ எந்திரிக்கா. கையில பாட்டுப்புஸ்தகப் பை. குனிஞ்சு பக்கத்துவாசல் வழியா வெளியே போறா. மைனி பாதி எந்திரிச்சாவ. அந்தப் பக்கம் பேராயர், இந்தப் பக்கம் பேராயர் அம்மா. சபை முழுக்க மைனியைத் திரும்பிப் பாக்குது. பாதி எந்திரிச்சவுக அப்படியே உக்காந்துட்டாவ. மத்தவுக எந்திரிச்சா ஊரைக் கூட்டி ஏசுதது யாரு, எங்க மைனிதானே. தான் கட்டின வேலிக்குள்ள தானே மாட்டிக்கிட்டாவ. வயித்தைக் கலக்கிப் போயிருப்பா, வந்துருவான்னு கொஞ்ச நேரம் நினைச்சிருப்பாவ. பிறகு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

எனக்கு மட்டும் மேல இருந்து இன்னொண்ணு தெரியும். நான் நிக்குத இடத்துல ஒரு வட்டச் சன்னல். எட்டிப் பாத்தா பஸ் ஸ்டாப்பு. தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழ இவ ஒத்தையில நிக்கா. கொயருக்குப் போடுத வெள்ளை அங்கியைக் கூடக் கழத்தல. பஸ்ஸைக் காணோம்.

திருநெல்வேலி வண்டி அது. ஞாயித்துக்கிழமைன்னா அவன் இஷ்டத்துக்குத்தான் வருவான். வந்தா வளைவுல ஒரு ஹாரன் அடிப்பான், ஆர்கன் சத்தத்தையும் மீறி மேல கேக்கும். இவியளுக்கு அது கேட்டாலே எரிச்சல். அன்னைக்குக் கேக்கல. பிரிலூடு முடிஞ்சிட்டு, கேக்கல. ப்யூக் ஆரம்பிச்சாச்சு, கேக்கல.

நீ கேப்ப, கூப்பாடு போட வேண்டியதுதானேன்னு. அந்த முழக்கத்துல யாருக்குக் கேக்கும்? இறங்கி ஓடலாம்னா கீழ கொண்டி. இவிய தோளைத் தட்டிச் சொல்லலாம்னா, வாசிக்கும்போது நான் ஒரு நாளும் அவியளைத் தொட்டது கிடையாது. நான் என்ன செய்ய முடியும்? லோத்து பொண்டாட்டி மாதிரி அப்படியே உப்புத்தூணா நின்னேன். சன்னலைப் பாக்குதேன், நாடியைப் பாக்குதேன். அவ தனியா நிக்கா. ஆர்கன் நின்னா மறு நிமிசம் மைனி வாசல்ல நிப்பாவ, பின்னால வில்பிரட்டு, அவன் கூட்டாளிக. முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. எனக்குத் தெரியும். வில்பிரட்டு கையை நான் பாத்திருக்கேன்.

ப்யூக் முடியப் போற கட்டம். இடது பக்கம் ஒரு குமிழை இழுத்தாவன்னா இன்னும் ஒரு தாளுதான்னு எனக்கு அர்த்தம். இழுத்துட்டாவ. நாடி இறங்குது.

கை வேர்த்திருந்தது பிள்ள. தாளு ஒட்டிக்கிட்டு. என்ன ஆச்சோ தெரியல, முன்னால திருப்புததுக்குப் பதிலா கொத்தாப் பின்னால போயிட்டு. ப்யூக் தொடங்குத இடத்துக்கே போயிட்டு. தற்செயலா நடந்ததுதான். வேணும்னு செய்ய நான் என்ன துணிஞ்சவளா? இத்தனை வருசத்துல ஒரு தாளு தப்பாத் திருப்பினது கிடையாது, அன்னைக்கு ஒரு நாளு கை பிசகிட்டு. இவிய ஒரு நோட்டை அப்படியே நீட்டிப் பிடிச்சாவ. நீட்டி, நீட்டி, பிறகு விட்டாவ. கோயில் கப்சிப்புன்னு ஆயிட்டு. ஐயோ முடிச்சிட்டாவளேன்னு நினைச்சேன். அப்ப காலு மட்டும் மெதுவா ஆரம்பிச்சிது. மொதல்ல இருந்து. அதே பேச்சு.

அவியளுக்குத் தெரியவே இல்ல பாத்துக்கோ. கண்ணு புஸ்தகத்துல, புஸ்தகத்துல என்ன இருக்கோ அதைக் கை வாசிக்கும். அதுவும் ப்யூக்குல எங்க பாத்தாலும் ஒரே பேச்சுதானே. கீழ ஒரே நெளிசல். குழம்புக்காரர் வாசல்ல வந்து கரண்டியோட எட்டிப் பாக்காரு. மைனி திரும்பி மாடியைப் பாத்து முறைக்காவ. நான் கண்ணாடியில இருந்து கண்ணை எடுத்துட்டேன். பாதி ப்யூக் போயிருக்கும், வளைவுல ஹாரன் கேட்டுது. சன்னல்ல பாத்தேன். வண்டி வந்து நின்னுது, மறைச்சிட்டு. வண்டி போனப்ப மரத்துக்குக் கீழ யாரும் இல்ல. மிச்சத் தாளை எல்லாம் நான் ஒழுங்காத் திருப்பினேன்.

பிறகு என்ன, ரகளைதான். மைனி மாரடிச்சிக்கிட்டு அழுதாவ. வில்பிரட்டு காரை எடுக்கேங்கான். "சார் வரணும், பெத்தவன் வந்தாத்தான் போலீசு கேக்கும்"னு எல்லாரும் இவியளைச் சுத்தி நிக்காவ. இவிய சொல்லுதாவ, "பேராயர் வந்திருக்காரு. முதல்ல அசனம் நடக்கட்டும்." மக ஓடிப் போயிட்டா, இந்த மனுசன் பேராயர் பக்கத்துல இலை போட்டு உக்காந்து சாப்பிடுதாவ. குழம்பு, ரசம், மோரு. மூணு வாட்டி ரசம் கேட்டு வாங்கினாவ. பேராயர் வேற, "இந்த வருசம் ப்யூக் ரொம்ப ஆழமா இருந்துது சார், கொஞ்சம் நீளமோ"ங்காரு. "ஆமா ஐயா, நீளம்தான்"னாவ. கல்லு மனசு பிள்ள, கல்லு மனசு. அவிய சாப்பிட்டு எந்திரிக்கும்போது அவ கோவில்பட்டியே போய்ச் சேந்திருப்பா.

அன்னையில இருந்து இவிய அவ பேரை எடுத்தது கிடையாது. மைனி வீட்டுப் பக்கம் வாரது கிடையாது. ஊரு பேசிச்சு, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு. சுவத்துல அவ போட்டோ இருக்கு. எடுத்துரட்டுமான்னு ஒரு நாளு கேட்டேன். "இருக்கட்டும்"னாவ. நான் பாத்துப் பாத்துச் சாகணும்னுதான் வச்சிருக்காவ. அவளைப் போயிப் பாக்கலாமான்னு கேக்க எனக்கு நாக்கு வராது. எப்படி வரும்? அந்தப் பேச்சை எடுத்தா, அன்னைக்கு ஆர்கன் ஏன் அவ்வளவு நேரம் போச்சு, யாரு தாளைத் திருப்பினான்னு ஒண்ணுல இருந்து ஒண்ணு வந்துரும்லா. தற்செயலா நடந்ததுன்னு சொன்னா நம்பவா போறாவ? அதனால வாயைக் கட்டி வச்சிருக்கேன். அவிய முகத்தைப் பாத்தே நேரே பேசுதது இல்ல. ஒரு வீடு, ரெண்டு பேரு, நடுவுல அந்தத் தாளு. அவளுக்கு ஒரு பொட்டப்பிள்ளை இருக்காம், என் தம்பி சொன்னான். என்ன பேருன்னு கூடத் தெரியாது.

இந்த மதுரைக் கூத்தையும் கேளு. அந்தக் கோயில்காரங்க எவ்வளவோ வருசமாக் கூப்பிட்டாவ. இவிய போனதே இல்ல. அவ போன மறு வருசம்தான் சரின்னாவ, அதுல இருந்து வருசா வருசம் போறோம். உள்ளூர்ல தலைகாட்ட வெக்கம்னு நினைக்கேன். அதுலயும் ரயில்ல போனா சொகமாப் போலாம், முட்டுவலி வேற. கேக்க மாட்டாவ. பஸ்சுதான், அதுவும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குள்ள போற பஸ்சுதான். ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புலதான் அந்தப் பையன் மோட்டார்க் கடை வச்சிருக்கானாம். வண்டி அங்க நிக்கும், இவிய இறங்குவாவ. டீயும் குடிக்க மாட்டாவ, ஒண்ணுக்கும் போக மாட்டாவ. ரோட்டைப் பாத்துக்கிட்டு சும்மா நிப்பாவ. கண்டக்டர் விசில் அடிச்சப் பிறகுதான் ஏறுவாவ. அவ எதுக்க வந்துட்டா என்ன செய்யன்னு காவல் காக்காவளோ என்னமோ. நான் இறங்க மாட்டேன். தலையில முக்காடு போட்டுக் குனிஞ்சு உக்காந்துருவேன். இறங்கினா என் காலு எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியும்லா.

சரி, இதெல்லாம் போகட்டும். இந்த வருசம் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளு, அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். தை மாசம் இவியளுக்குக் கண்ணுல புரை எடுத்தாவ. கட்டுப் போட்டு, படிக்கப்படாது, வெளிச்சம் பாக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணாம் நாளு நான் அடுக்களையில இருக்கேன், உள்ள சத்தம் கேக்குது. வீட்டுல ஒரு சின்ன கீபோர்டு உண்டு. போயிப் பாத்தா, ஒரு கண்ணுல கட்டு, மறு கண்ணையும் மூடிக்கிட்டு வாசிக்காவ. காலு தரையில தன்னால போகுது. புஸ்தகம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பிரிலூடு முழுசும், ப்யூக் முழுசும், ஒரு இடம் தட்டல. "எப்ப மனப்பாடம் பண்ணினிய?"ன்னு கேட்டேன். "நம்ம கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்"னாவ. "அப்ப என்னை எதுக்கு வருசா வருசம் அந்தப் பொந்துக்குள்ள நிப்பாட்டினிய?"ன்னேன். என்ன சொன்னாவ தெரியுமா? "நீ பக்கத்துல நின்னா நல்லாருக்கும்"னாவ.

நல்லாருக்குமாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல. பட்டுச்சேலை கட்டி ஒரு பண்டிகை கீழ உக்காந்தது உண்டா நான்? அவியளுக்குத் தாளே தேவையில்லையாம். நான் முன்னால திருப்பினா என்ன, பின்னால திருப்பினா என்ன, திருப்பாமலே நின்னா என்ன. சும்மா ஒரு ஆளைச் சிறை வச்ச மாதிரி வச்சிருக்காவ. இது அநியாயமா இல்லியா, நீயே சொல்லு.

என்ன? திருப்பிக் கேளு, வண்டி இரைச்சல்ல விழல.

அது எப்படி... இல்ல பிள்ள. உனக்கு அவியளைத் தெரியாது. புஸ்தகம் முன்னால இருந்தா கண்ணு அதுலதானே போகும். நான் பின்னால திருப்பினேன், அவியளும் பின்னால போனாவ. மனப்பாடமாத் தெரிஞ்சவுக எதுக்குப் போகணும்னா கேக்க? மறந்திருப்பாவ. தடுமாறியிருப்பாவ. கண்ணை மூடிக்கிட்டே ஒரு இடம் தட்டாம வாசிக்குதவுக...

ஒரு நிமிசம் இரு.

அந்தக் கண்ணாடி அவியளுக்காக மாட்டினதுதான். எனக்குத் தெரிஞ்சது அவியளுக்குத் தெரியாம எப்படி இருக்கும். அவ எந்திரிச்சதை எனக்கு முந்தியே பாத்திருப்பாவ. ஹாரன் வராததும் காதுல விழுந்திருக்கும். நான் அந்தத் தாளைத் திருப்பலைன்னாலும் அவிய...

அப்ப நான் திருப்பினதையும் பாத்திருப்பாவல்லா? பாத்துட்டுத்தானே அந்த நோட்டை அப்படி நீட்டிப் பிடிச்சாவ.

பிறகு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை வருசம் ஒரு வார்த்தை. நான் அவியளுக்குப் பயந்து கிடந்தேன், சரி. அவிய எனக்கு எதுக்குப் பயப்படணும்? ...அடப் பாவி. "அப்பா சொல்லுததைக் கேளு, அத்தை சொல்லுததைக் கேளு"ன்னு அவிய காது படச் சொன்னவ நான்தானே. நான் மைனி பக்கம்னு நினைச்சிருப்பாவ. தாளு கை தவறித்தான் திருப்பிட்டான்னு நினைச்சிருப்பாவ. நானும் அப்படித்தானே எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், உன்கிட்டயும் இப்ப அப்படித்தானே சொன்னேன்.

போகாதன்னு அவிய ஒரு நாளும் சொல்லல பிள்ள. நான்தான் கேக்கல.

வண்டி திரும்புதா? கோவில்பட்டி வந்துட்டு போல. அந்தா பாரு, அவிய எந்திரிச்சிட்டாவ. வண்டி நிக்க முந்தியே எந்திரிச்சிருவாவ, கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, ரோட்டைப் பாத்துக்கிட்டு. முதுகு வளைஞ்சு போச்சு பாத்தியா. நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.

கொஞ்சம் கையைக் குடு, எந்திரிக்கணும். நான் அவிய பக்கத்துல போயி ஒரு நிமிசம் நின்னுட்டு வந்துருதேன். என் பை மேல இருக்கு, பாத்துக்கோ, கண்டக்டர்கிட்ட விசில் அடிச்சிர வேண்டாம்னு...

இல்ல. அதை எடுத்துக் குடுத்துரு பிள்ள. கையோட கொண்டுக்கிட்டே இறங்குதேன்.